கைவிடப்பட்ட தோட்டத்துச் சாளையில் புதையல் தேடலாமா?

மேட்டாங்காடு:
காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் இடையில் எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) கட்டிய தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு), கிணறு வற்றிக் குடும்பம் திருப்பூருக்குப் பெயர்ந்த பிறகு, பூட்டியபடியே பாழடைந்து கிடக்கிறது. தாழ்வாரத்து நாட்டு ஓடுகள் சரிந்துவிட்டன. மண்சுவர் ஒன்று மழையில் பாதி கரைந்துவிட்டது. தை பிறந்ததும் ஜேசிபி வைத்து இடித்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அப்பாரு வங்கியை ஒருநாளும் நம்பாதவர் என்பதும், கடைசிக் காலத்தில் மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் கையைக் காட்டி எதையோ சொல்ல முயன்றார் என்பதும் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த கதை. இடிப்பதற்கு முன் மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுத்து, நாங்கள் இருவர் மட்டும் ஓசைப்படாமல் தேடிப் பார்த்துவிடலாம் என்கிறார் பெரியப்பா மகன். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

பழங்காசு:
தாராளமாகத் தேடுங்கள். ஜேசிபியின் வாளிக்குள் போய் லாரி மண்ணோடு யாரோ ஒருவருடைய மனையை நிரப்பப் போவதை நீங்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதில் என்ன தவறு இருக்க முடியும்? அந்தத் தலைமுறையினர் பணத்தை மண்ணுக்குள் வைத்ததை அறியாமை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 1906இல் சென்னையின் அர்பத்நாட் வங்கி திவாலானபோது சேமிப்பை இழந்தவர்களின் கதை மாகாணம் முழுவதும் பேசப்பட்டது. 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 1968இல் அது தனிச் சட்டமாகி, 1990இல் நீக்கப்படும் வரை, கட்டித் தங்கம் கையில் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. 1978இல் ஆயிரம் ரூபாய் நோட்டும் அதற்கு மேற்பட்ட நோட்டுகளும் ஒரே இரவில் செல்லாமல் போயின. இவற்றையெல்லாம் பார்த்த ஒரு விவசாயி குதிருக்கு அடியிலோ அடுப்புத் திண்டுக்குள்ளோ வெள்ளி ரூபாயைப் புதைத்து வைத்தார் என்றால், அது கணக்குத் தெரிந்தவர் செய்த காரியம்.

ரூபாய்க் காசு கிடைத்தால் ஆண்டைக் கவனியுங்கள். விக்டோரியா காலம் தொட்டு 1939 வரையிலான ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடிக்கப்பட்டவற்றில் பாதிதான் வெள்ளி. 1947ஆம் ஆண்டுக் காசு வெறும் நிக்கல். எதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசை எடைக்குத்தான் கேட்பார்கள்.

வழக்காடி:
பழங்காசு அவர்கள் விலையைச் சொல்லிவிட்டுச் சட்டத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு பொருந்திய ஒன்றிலோ மறைத்து வைக்கப்பட்ட, மதிப்புள்ள எப்பொருளும் அதன்படி புதையல்தான். ஆகவே சுவருக்குள் இருந்து எடுத்தாலும் தப்பிக்க முடியாது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைக்கும் போகலாம். அதற்கு உடந்தையாக இருக்கும் நில உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. ‘ஓசைப்படாமல்’ என்ற சொல்லைப் பொது மன்றத்தில் எழுதியதே நல்லதன்று.

பழங்காசு:
பத்து ரூபாய் என்பது 1878இல் ஒரு கூலியாளின் பல வாரச் சம்பளம். இன்று ஒரு தேநீருக்கே போதாது. அந்த வரம்பை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், தோட்டத்தை உழும்போது ஓட்டைச் செம்பு ஒன்றைக் கண்டெடுப்பவர்கூட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு நடக்க வேண்டும். மேலும், சொந்த அப்பாரு சொந்தச் சாளையில் வைத்ததைப் பேரன் எடுப்பது எப்படிப் புதையலாகும்? உரிமையாளர் யாரென்று தெரியாத பொருளுக்குத்தான் அந்தச் சட்டம்.

வழக்காடி:
அந்த வரையறையில் ‘உரிமையாளர் தெரியாத’ என்ற சொற்களே இல்லை. உரிமையாளர் உண்டா இல்லையா என்பது பின்னர் விசாரணையில் முடிவாவது. கலெக்டர் அறிவிக்கை வெளியிடுவார். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாளைக் குறித்து, உரிமை கோருபவர்களை வரச் சொல்வார். அப்படி வந்தவரோ அவருடைய முன்னோரோ நூறு ஆண்டுக்குள் மறைத்தது என்று நம்பக் காரணம் இருந்தால், சிவில் நீதிமன்றத்தில் வழக்கிட அவகாசம் தருவார். அப்படி எவரும் நிலைநாட்டாவிட்டால், முன்கூட்டி உடன்படிக்கை இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்கும். சட்டம் பழையது, சில இடங்களில் நகைப்புக்குரியது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அது பேரனுக்குப் பகையன்று; எழுதிக் கொடுத்தவரைத்தான் அது காப்பாற்றும்.

செங்காட்டான்:
பழைய வீடுகளைப் பிரித்துத் தூண், கதவு, ஓடு வாங்கி விற்பது என் தொழில். சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். கட்டுத்தரையில் டிடெக்டரை வைத்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

காளைகள் நின்ற இடம் அது. தேய்ந்து விழுந்த லாடமும், லாட ஆணியும், சங்கிலிக் கண்ணியும், வண்டிப் பட்டையின் துண்டும் எத்தனையோ காலமாக அங்கே மிதிபட்டுப் புதைந்திருக்கும். இரும்பை ஒதுக்கும்படி கருவியைத் திருப்பி வைத்தால், இரும்புப் பெட்டிக்குள் பொருள் இருந்தாலும் அது பேசாது. நம் செம்மண்ணில் உள்ள இரும்புச் சத்தே மலிவான கருவிகளைக் கத்த வைத்துவிடும். தனிக் காசு என்றால் ஒரு சாணுக்குச் சற்று மேல்தான் எட்டும். ஆளுயரக் குழியில் இருக்கும் செப்புக்குடத்தை வாடகைக் கருவி காட்டும் என்று நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

நிலைவாசலிலும் கருவி கட்டாயம் கத்தும். வாசக்கால் வைக்கும்போது நவதானியத்தோடு பொன் துணுக்கும் ஐம்பொன்னும் காசும் வைப்பது வழக்கம். அந்தச் சத்தத்தை நம்பிக் கடப்பாரையால் நிலையைப் பெயர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் வருவது குன்றிமணி அளவுப் பொன்; கெட்டுப்போவது நல்ல விலைக்குப் போகக்கூடிய தேக்கு நிலை. காரைக்குடியில் இத்தகைய நிலைகளுக்கும் கதவுகளுக்கும் தனிச் சந்தையே இருக்கிறது என்பதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

வரிசையாகப் பிரியுங்கள். முதலில் ஓடு, பிறகு கைமரம், பிறகு விட்டம். விட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பொந்து, அட்டாலியின் (பரணின்) மூலை, மாடக்குழியின் பின்புறம், உரல் பதித்த கல்லுக்கு அடி ஆகியவற்றைக் கையாலேயே பார்க்க வேண்டும். சுவரை மேலிருந்து இறக்க வேண்டும். நனைந்த மண்சுவரின் அடியைத் தோண்டினால் அது உங்கள் மேல்தான் விழும். ஓட்டுக் குவியலில் விரியன் இருக்கும், செருப்பில்லாமல் போகாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத பழங்கிணறு செடி மூடிக் கிடக்கிறதா என்பதைப் பகலில் பார்த்து, முதல் வேலையாகச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். இன்னொன்று: நான் பிரித்த வீடுகளில் பொன் அரிது. மூங்கில் குழாயிலும் தகரப் பெட்டியிலும் கிடைத்த கிரயப் பத்திரங்கள்தான் பலருக்கு எல்லைத் தகராறில் கைகொடுத்தன. கறையான் தின்றது போக மிஞ்சிய தாளை உதறிப் பிரிக்காதீர்கள்.

சித்தர்வழி:
கருவியெல்லாம் எதற்கு? வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இடத்தைக் குறித்துக் கொடுப்பார். காவல் பூதத்துக்கு உரிய பூசையைச் செய்யாமல் எடுத்தால் வம்சத்துக்கு ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

செங்காட்டான்:
பூசைச் சாமானுக்கு முன்பணம் எவ்வளவு என்பதையும் சொல்லியிருக்கலாமே. 2013இல் உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில், ஒரு சாமியார் கனவில் ஆயிரம் டன் தங்கம் கண்டார் என்று, தொல்லியல் துறையே பழங்கோட்டை ஒன்றைத் தோண்டியது. தங்கம் ஒரு குன்றிமணிகூடக் கிடைக்கவில்லை. நம் பக்கம் இரிடியம் கலசம் என்று சொல்லி ஏமாற்றுபவர்களும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

பொன்னி:
இவ்வளவு பேர் பேசிவிட்டீர்கள். ஒருவர்கூட அத்தைமாரைப் பற்றிக் கேட்கவில்லை. ‘நாங்கள் இருவர் மட்டும்’ என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். அப்பாருவுக்குப் பெண் மக்கள் உண்டா? கட்டுத்தரையில் இருப்பது அப்பாருவின் ரூபாய் என்று எப்படித் தெரியும்? அப்பத்தா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த காசுமாலையாகவும் இருக்கலாம். பெண்ணின் சொத்து 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவளுக்கே முழு உரிமையுடையது. அவளுக்குப் பின் மகன்களோடு மகள்களுக்கும் சம பங்கு. அப்பாரு தாமே சம்பாதித்ததாக இருந்தாலும், உயில் இல்லாமல் போயிருந்தால், மகள்களுக்கு அதே சம பங்குதான். அரசுக்குத் தெரியாமல் எடுப்பது குற்றமா என்று இங்கே விவாதிக்கிறீர்கள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாமல் எடுப்பதை மட்டும் குடும்ப விஷயம் என்று நினைக்கிறீர்கள் போலும்.

மேட்டாங்காடு:
அத்தைமார் இருவர் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பே, அந்தத் தோட்டத்தில் தங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அவர்களைச் சேர்க்கவில்லையே தவிர, மறைக்கும் எண்ணம் எனக்கில்லை.

வழக்காடி:
பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியைப் படித்துப் பாருங்கள். சர்வே எண்ணும் பரப்பும் சாளையும் கிணறும் எழுதியிருக்கும். அவர்கள் விட்டுக் கொடுத்தது அதைத்தான். இருப்பதே தெரியாத நகையை ஒருவர் விட்டுக் கொடுத்தார் என்று நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதன்று. பொன்னி அவர்கள் சொல்வதை நியாயப் பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; வழக்கு வந்தால் முதலில் எழும் கேள்வியே அதுதான்.

பழங்காசு:
அத்தைமாரை அழைக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். கலெக்டர் விஷயத்தில் மட்டும் என் மனம் மாறவில்லை. நான்கு மாதம், ஆறு மாதம், பிறகு சிவில் வழக்கு என்று இழுத்தால், எளிய குடும்பம் எதற்காக உண்மையைச் சொல்லும்? கிடைத்ததை இரவோடு இரவாக உருக்க வைப்பது இந்த நடைமுறைதான். 1898இல் புதுக்கோட்டைக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டுத் தழும்பு இருந்தது. அவை பட்டறைக்குப் போயிருந்தால் அந்தத் தழும்பைப் பற்றி இன்று எவருக்கும் தெரிந்திருக்காது. மேட்டாங்காடு அவர்களின் ஊரும் பழங்கால வாணிப ஊரான கொடுமணலிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நேர்மையாகச் சொல்பவருக்கு விரைவாகப் பங்கு கிடைக்கும் என்றால் எத்தனையோ காசுகள் தப்பிப் பிழைத்திருக்கும்.

வழக்காடி:
சட்டம் திருந்த வேண்டும் என்பது ஒரு வாதம். திருந்தும் வரை மீறலாம் என்பது வேறு வாதம். முதலாவதற்கு என் கையெழுத்தும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் வந்து சேரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமமின்றி வாணிபம் செய்யவும் முடியாது.

மேட்டாங்காடு:
பெரிய அத்தையிடம் பேசிவிட்டேன். சாளை பிரிக்கும்போது தாமும் வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். கட்டுத்தரையைவிட அடுப்பங்கரையைப் பார்க்கச் சொல்கிறார், காரணம் கேட்டால் சிரிக்கிறார். ஜேசிபியை நிறுத்திவிட்டுக் கையாலேயே பிரிக்க முடிவு செய்தாயிற்று. அண்ணனுக்கு வருத்தம்தான், டிடெக்டர் ஆளுக்கு அவர் முன்பணம் கொடுத்துவிட்டாராம்.

வழக்காடி:
அந்த டிடெக்டர் ஆள் வருவதாக இருந்தால், அதற்கு முன் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தாம் கூலிக்கு வந்தவர், கிடைக்கும் எதிலும் தமக்குப் பங்கில்லை என்று. முத்திரைத்தாளில், இரு சாட்சிகளோடு. இல்லையென்றால் கண்டெடுத்தவர் யார் என்ற கேள்வி கலெக்டர் முன் வரும்போது, முக்கால் பங்கை அவர் கேட்பார்.

பொன்னி:
சாட்சிகள் இருவரும் அத்தைமாராகவே இருக்கட்டும்.