பத்து நிமிடத்தில் விமானம் கிளம்பியது யாருடைய சாமர்த்தியம்?

மேல்மாடி:
"தினசரி வேலை ஒழுங்காக நடந்தால் போதும், ஸ்ட்ராட்டஜி தானாக அமையும்" என்று ஒரு மேலாளர் என்னிடம் வாதாடினார். எனக்கு உடன்பாடில்லை. வேலையைத் திறம்படச் செய்வது வேறு, ஸ்ட்ராட்டஜி எனும் வியூகம் வேறு என்று நிர்வாகவியல் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1996-லேயே எழுதிவிட்டார். திறமையை எவரும் காப்பியடிக்கலாம். எதையெல்லாம் செய்ய மாட்டோம் என்று தீர்மானிப்பதுதான் வியூகம். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் அப்போது சாப்பாடு தரவில்லை, இருக்கை எண் தரவில்லை, ஓட்டியதும் போயிங் 737 என்ற ஒரே ரக விமானம் மட்டும்தான். அதனால்தான் தரையிறங்கிய விமானம் சட்டென்று மறுபடி கிளம்பியது.

ஷிஃப்டுக்காரன்:
கதையைத் தலைகீழாகச் சொல்கிறீர்கள் சார். 1972-ல் அவர்களிடம் இருந்ததே நான்கு விமானம். கையில் காசில்லாமல் ஒன்றை விற்றார்கள். நான்குக்குப் போட்ட அட்டவணையை மூன்றை வைத்து ஓட்டியாக வேண்டும். தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கினால் முடியும் என்று செய்து காட்டியது தரைப்பணி ஆட்கள். பிறகு வந்தவர்கள் அதற்கு ஸ்ட்ராட்டஜி என்று பேர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

மேல்மாடி:
யோசனை கீழிருந்து வந்தது, சரி. அது ஏன் நிலைத்தது என்பதுதான் என் கேள்வி. கான்டினென்டல் என்ற இன்னொரு அமெரிக்க விமான நிறுவனம் 1993-ல் 'லைட்' என்ற பெயரில் இதே மலிவு சேவையைத் தொடங்கியது. ஆனால் பழைய முழுச் சேவையையும் விடவில்லை. பெட்டிகளை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்வரை விமானம் வாசலிலேயே காத்து நின்றது. தாமதம், புகார், நஷ்டம். 1995-ல் மூடிவிட்டார்கள். அங்கே தரையில் வேலை பார்த்தவர்கள் சோம்பேறிகளா என்ன? எதைக் கைவிடுவது என்று மேலே முடிவெடுக்கவில்லை, பாரம் கீழே இறங்கியது.

பழைய ஹெட்செட்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் முன்பு இருந்த கால் சென்டரில் 'வாடிக்கையாளர் மனநிறைவே நம் இலக்கு' என்று சுவரில் எழுதியிருக்கும். மாதக் கடைசியில் மதிப்பெண் போட்டதோ, அழைப்பை எத்தனை சீக்கிரம் துண்டித்தோம் என்பதற்கு. நாங்கள் சுவரைப் படிக்கவில்லை, மதிப்பெண்ணைப் படித்தோம்.

ஷிஃப்டுக்காரன்:
சரியான இடத்தில் அடித்தீர்கள்!

மேல்மாடி சார், அதே சவுத்வெஸ்டுக்கு 2022 டிசம்பரில் என்ன ஆயிற்று? பனிப்புயல் எல்லோருக்கும்தான் வந்தது. மற்றவர்கள் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். இவர்கள் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தார்கள். எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. பணியாளர்களுக்கு வேலை ஒதுக்கும் பழைய மென்பொருள் திணறிப்போய், ஆள் வைத்து போனில் ஒதுக்கினார்கள். உங்கள் வியூகம் அந்த வாரம் எங்கே போயிருந்தது?

மேல்மாடி:
வியூகம் அங்கேதான் இருந்தது. மையமான ஒரு விமான நிலையத்துக்குத் திரும்பாமல் ஊருக்கு ஊர் நேராகப் பறப்பது அவர்கள் வழி. அப்படிப் பறந்தால் பணியாளர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பார்கள். அதைத் தாங்கும் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குவதும் வியூகத்தில் சேர்ந்ததுதானே?

ஷிஃப்டுக்காரன்:
அப்படி வாருங்கள். மென்பொருள் தாங்காது என்று பணியாளர் சங்கங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன. மேலே யார் காதில் விழுந்தது?

மேல்மாடி:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கான்டினென்டல் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.