காந்தம் ஒட்டின பெற்றோல்மக்ஸ், 28,000 ரூபாய்

பாலைப்பழம்:
இணையத்தில் பழைய சாமான் வாங்கி ஏமாறுகிறவர்களுக்குக் கண் இல்லை என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எனக்குக் கண் இருக்கிறது, ஐயா. விளம்பரத்தையும் அந்தக் கண்ணால்தான் வாசித்தேன்: "அசல் ஜேர்மன் பெற்றோல்மக்ஸ் 829, முழுப் பித்தளை, இரணைமடுக் குளம் கட்டின காலத்துச் சாமான், எரியும்." விற்றவர் கடைக்காரர் இல்லை, வீட்டுச் சாமானைப் படம் எடுத்துப் போட்ட கிளிநொச்சிக்காரர் ஒருவர். 28,000 ரூபாயை வங்கியில் போட்டேன், விளக்கு பஸ்ஸில் வந்தது. சாக்கை அவிழ்த்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றின காந்தத்தை எண்ணெய்த் தாங்கியில் வைத்தேன். ஒட்டியது. பித்தளையில் காந்தம் ஒட்டுமா? ஆளிடம் கேட்கலாம் என்றால் போன் எடுக்கிறார் இல்லை.

முறிகண்டிக் கச்சான்:
கண் இல்லை என்று எழுதினது நான்தான். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். ஒட்டியதா, இழுத்ததா? முதலில் அதைச் சொல்லுங்கள். அந்தத் தாங்கி பித்தளையில் செய்து மேலே நிக்கல் பூசினது. நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும். காந்தம் கொஞ்சம் இழுத்தவுடனேயே போலி, போலி என்று கத்துகிறவர் விளக்கு வாங்கக் கூடாது, டோர்ச் வாங்க வேண்டும்.

பாலைப்பழம்:
ஒட்டியது. கையை எடுத்தேன், காந்தம் விழவில்லை.

ஸ்காபரோ மாமா:
தம்பி பாலைப்பழம் சொல்வது சரி. என்னிடம் இங்கே கனடாவில் இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஜேர்மனியில் ஒரு கிழவரிடம் வாங்கியவை. பூச்சு மெல்லியது. நல்ல பலமான காந்தம் வைத்தால் லேசாகச் சாயும், ஸ்பீக்கர் காந்தம் சறுக்கி விழுந்துவிடும். தொங்கினால் உள்ளே தகரம்தான். சீனாவில் செய்த நங்கூர மார்க், வண்ணாத்திப்பூச்சி மார்க் எல்லாம் இதே அச்சில் வந்தவை. எட்டடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நாங்கள் ஊரில் இருந்த காலத்தில் கலியாண வீட்டுக்கு நாலு விளக்கு வாடகைக்கு எடுப்போம், அதெல்லாம் அசல்.

முறிகண்டிக் கச்சான்:
வந்துவிட்டார் மாமா! நீங்கள் ஊரில் இருந்த காலம் எது? 1990களில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைக்குள் இங்கே வன்னியில் நாங்கள் என்ன எரித்தோம் என்று தெரியுமா? ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். 829 ஒரு லீற்றர் எண்ணெயை எட்டு மணித்தியாலத்தில் குடித்துவிடும். ஒரு லீற்றருக்கு நாங்கள் எங்கே போவது? அப்படி மூலையில் கிடந்து, இடம்பெயர்வெல்லாம் தாண்டி வந்த விளக்கை ஒரு மனிதர் விற்கிறார். நீங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காந்தம் வைத்துப் பார்க்கிறீர்கள். தம்பி பாலைப்பழம், இன்னும் பதில் இல்லை: தாங்கியின் எந்த இடத்தில் வைத்தீர்கள்? அடி வளையத்திலா, தோளிலா?

பாலைப்பழம்:
தோளில். பிறகு அடியில். பிறகு பம்புக்குப் பக்கத்தில். எல்லா இடத்திலும் ஒட்டியது. அவர் ஜாம் போத்தலில் படித்ததற்கு நான் 28,000 கட்ட வேண்டுமா?

செட்டிகுளத்து டீச்சர்:
ஒரு சின்ன விஷயம். பெற்றோல்மக்ஸ் என்பது பேர்லினில் இருந்த ஒரு தொழிற்சாலையின் மார்க். முதலாளி மக்ஸ் கிரேட்ஸ், அவருடைய பெயரில் இருந்துதான் அந்த "மக்ஸ்". ஆனால் நம் ஊரில் பம்ப் அடித்து எரிக்கிற எல்லா விளக்கும் பெற்றோல்மக்ஸ்தானே. விற்றவர் எந்த அர்த்தத்தில் எழுதினார்? அத்துடன் தாங்கியில் நாட்டின் பெயர் பொறித்திருக்கும், அதை வாசித்தீர்களா? மேற்கு ஜேர்மனி என்றிருந்தால் 1949க்கு முந்தியதாக இருக்க முடியாது. இரணைமடு வேலை 1920 அளவில் முடிந்துவிட்டது.

முறிகண்டிக் கச்சான்:
டீச்சர், அது வேறு கதை. இரணைமடு அணைக்கட்டைப் பிறகும் இரண்டு மூன்று தடவை உயர்த்திக் கட்டினார்கள். எந்தத் தடவை என்று விளம்பரத்தில் இல்லையே! சரி, காந்தத்துக்கு வருவோம். ஸ்பீக்கர் காந்தம் எத்தனை அங்குலம்?

பாலைப்பழம்:
வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கு எரியும். இந்த விளக்கு மண்ணெண்ணெயிலும் எரியாது. பம்பின் தோல் வாசர் காய்ந்து முறுக்குப்போல உடைந்து கையில் வருகிறது, அதைத்தான் "எரியும்" என்று எழுதியிருக்கிறார். கச்சான் அண்ணை, நேராகவே கேட்கிறேன், விற்றவர் உங்களுக்கு மச்சானா?

முறிகண்டிக் கச்சான்:
வாசர் 150 ரூபாய்ச் சாமான். அதற்கு அழாதீர்கள். நல்லெண்ணெயில் ஒரு இரவு ஊறப்போட்டால் நிமிரும்.

பாலைப்பழம்:
மச்சானா, இல்லையா?

வவுனியாப் பெடியன்:
அண்ணைமார், வன்னி ஆட்கள் பழைய சாமானை நேரில் பார்க்காமல் வாங்கவே கூடாது. என்னிடம் கேட்டிருந்தால் நானே போய்ப் பார்த்திருப்பேன்.

முறிகண்டிக் கச்சான்:
வவுனியா எப்போது வன்னியானது? ஓமந்தைக்கு இந்தப் பக்கம் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுக் கதையுங்கள்.

வவுனியாப் பெடியன்:
தேர்தல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும்தான் வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு. விளக்கு விற்றவர்தான் வன்னிக்கு வெளியே.

ஸ்காபரோ மாமா:
தேர்தலை விடுங்கள். போன வருடம் ரலி சைக்கிள் விஷயத்திலும் கச்சான் இப்படித்தான். முன் போர்க் இந்தியச் சாமான் என்று படத்திலேயே தெரிந்தது, "இங்கிலாந்துத் துரு வேறு மாதிரி" என்று இரண்டு நாள் எழுதினார். அந்தச் சைக்கிளை வாங்கினது என் அக்காவின் மகன்.

முறிகண்டிக் கச்சான்:
துரு வேறு மாதிரித்தான். இப்போதும் சொல்வேன். உங்கள் மருமகன் சைக்கிளை மழையில் விட்டார், அதைச் சொல்லுங்கள் முதலில். நான் யாருக்கும் மச்சான் இல்லை, நியாயத்துக்கு மச்சான். விற்றவரை எனக்கு அளவாகத்தான் தெரியும்.

பாலைப்பழம்:
அளவாக! ஒரே ஒழுங்கையா?

செட்டிகுளத்து டீச்சர்:
தாங்கியில் என்ன பொறித்திருக்கிறது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

புதுக்குடியிருப்பான்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். 500 மெழுகுதிரி வெளிச்சம் தருகிற விளக்குக்கு மென்டில், அதுதான் உள்ளே கட்டுகிற வலைப்பை, கிளிநொச்சியில் எங்கே கிடைக்கும்? அப்பாவின் விளக்கு ஒன்று இருக்கிறது. மார்க் தெரியாது, நன்றாக எரியும்.

முறிகண்டிக் கச்சான்:
சந்தைப் பக்கம் பழைய சைக்கிள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கட்டினவுடன் பம்ப் அடிக்காதீர்கள், முதலில் மென்டிலைக் கொளுத்திச் சாம்பலாக விடுங்கள். பிறகு கை படக்கூடாது, உதிர்ந்துவிடும். அப்புறம், அந்தத் தாங்கியிலும் ஒருக்கால் காந்தம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். ஒட்டுகிறதா, இழுக்கிறதா என்று.

பாலைப்பழம்:
ஒட்டியது என்று ஏழு தரம் எழுதிவிட்டேன்.

முறிகண்டிக் கச்சான்:
ஏழு இல்லை, எண்ணிப் பாருங்கள்.