சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டிக்கு மாறினால் போதுமா?

நெல்லைக் கயல்:
அனைவருக்கும் வணக்கம். இரத்தப் பரிசோதனையில் என் கணவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பதாகத் தெரிந்ததால், வீட்டில் சீனி வாங்குவதை நிறுத்திவிட்டுக் காபிக்கும் பாயசத்துக்கும் கருப்பட்டி போடத் தொடங்கியிருக்கிறோம். ஒன்பது வயது மகனுக்குக் காலையும் மாலையும் பாலில் சத்துபானப் பொடியும், பள்ளிக்கு அட்டைப்பெட்டியில் வரும் பழச்சாறும் கொடுக்கிறேன். மகளுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. அவளுக்கும் பாலில் கருப்பட்டி கலக்கச் சொல்கிறார் என் மாமியார். இந்த மாற்றம் போதுமா? யாருக்கு எவ்வளவு இனிப்பு சரி?

உணவியலாளர் மதி:
சகோதரி, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒருவர் உண்ணும் மொத்தக் கலோரியில், நாம் சேர்க்கும் இனிப்புகளிலும் தேன், பழச்சாறு போன்றவற்றிலும் உள்ள சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன், பழச்சாறு ஆகிய அனைத்தும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழத்திலும் வெறும் பாலிலும் இயல்பாக உள்ள இனிப்பு சேராது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம் என்பதால், இரண்டு கரண்டி போட்டு மூன்று வேளை காபி குடிப்பவர், வேறெதுவும் தின்னாமலேயே 24 கிராமைத் தொட்டுவிடுகிறார். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ் என்ற சர்க்கரைதான் என்பதால் உங்கள் கணவர் குறைக்க வேண்டியது இனிப்பின் அளவையே. வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்துவந்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

இரண்டு வயது முதல் 18 வயது வரை நாளுக்கு 25 கிராமுக்குக் குறைவாகவும், இரண்டு வயதுக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை அறவே இல்லாமலும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் கூறுகிறது. ஆகவே மகளுக்கு வெறும் பாலே போதும்.

உடன்குடிக்காரன்:
பனைத்தொழிலை நம்பி வாழும் ஊரைச் சேர்ந்தவன் என்பதால் கருப்பட்டியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. அதன் மணமும் சுவையும் சீனிக்கு வரவே வராது. ஆனால் அதை நீரிழிவுக்கு மருந்துபோலச் சொல்லி விற்பதை ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் சுக்குக் காபிக்குச் சிறு துண்டுதான், அதுவும் ஒரு வேளைதான்.

செல்வி ஆசிரியை:
மகனின் பானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொட்டலத்தின் பின்புறத்தில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள்: 100 கிராமுக்கு 30 கிராம் என்று இருந்தால், 20 கிராம் பொடியில் 6 கிராம் வீதம் இருவேளைக்கு 12 கிராம் ஆகிவிடும், பழச்சாற்றையும் கூட்டினால் அவனுடைய அளவு முடிந்துவிடும். இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களை அறிவுறுத்தியது. சாற்றுக்குப் பதில் ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ கொடுத்தனுப்புங்கள். நார்ச்சத்தும் கிடைக்கும், பல்லுக்கும் கேடு குறையும்.

நெல்லைக் கயல்:
மிக்க நன்றி. பேத்திக்கு இனிப்பில்லாத பாலா என்று மாமியார் வருந்துகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

உணவியலாளர் மதி:
பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில்தான் முடிவுக்கு வந்தது. கருவில் இருந்த காலத்திலிருந்து இரண்டு வயதுவரை அந்தப் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடும், இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்ததை 2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. இதை மாமியாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பேத்திக்கு ஆசையாக ஏதேனும் ஊட்ட விரும்பினால், மசித்த வாழைப்பழத்தை அவர் கையாலேயே ஊட்டட்டும்.