சிடி4 குறைந்துவிட்டது, வைரல் லோடு முடிவு இன்னும் வரவில்லை

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். எச்ஐவி இருப்பது 4 ஆண்டுகளாகத் தெரியும். இப்போது 34 வாரக் கர்ப்பம்.

கருத்தரிக்கும் முன் 540 இருந்த சிடி4 (நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை), சென்ற மாதம் 390. தாளைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. சிடி4 சதவீதம் மட்டும் அன்றும் இன்றும் 28. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும், சதவீதம் மாறவில்லையென்றால் பயப்படாதே என்று நம்பிக்கை மைய (எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகர் அக்கா சொன்னார். அவரை நம்புகிறேன். ஆனால் குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு என்று காட்டுவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, அதாவது வைரல் லோடுதானே?

அதற்கு 32ஆம் வாரமே ரத்தம் கொடுத்தேன். இரண்டு முறை பஸ் ஏறிப் போய்க் கேட்டேன், போன் செய்தேன். "சாம்பிள் கீழே போயிருக்கிறது" என்பதே பதில். டோலுடெக்ராவிர் சேர்ந்த எச்ஐவி மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. ஃபேக்டரி சங்கு ஊதும் இரவு எட்டு மணிக்குப் போட்டுவிடுவேன். இரும்புச்சத்து மாத்திரை காலையில்தான்; வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது.

பிரசவம் எப்படி, பிறந்ததும் குழந்தைக்கு என்ன மருந்து என்பதெல்லாம் அந்த முடிவைப் பார்த்துத்தான்.

ஊட்டியிலோ கோவையிலோ ஒரு வாரத்துக்குள் வைரல் லோடு முடிவு எங்கே கிடைக்கும்?