தம்பி கோல்ஃப் வேலைக்குப் போகிறேன் என்கிறான். விளையாடுவதைத் தவிர வேறு என்ன வழி?

யீஷூன் வாணி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மூன்று வாரமாக ஒரே சண்டை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் தம்பிக்கு 23 வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் டிப்ளோமா முடித்துவிட்டு தேசிய சேவைக்குப் போய் வந்தான். இப்போது இங்கே சிங்கப்பூரில், பந்து அடித்துப் பழகுகிற டிரைவிங் ரேஞ்ச் ஒன்றில் பகுதி நேரமாகப் பந்து பொறுக்குகிறான். கூண்டு போட்ட வண்டி ஒன்று மைதானத்தில் சுற்றுமே, வருகிறவர்கள் எல்லாம் அதைக் குறி பார்த்து அடிப்பார்களே, அதற்குள் இருப்பவன் இவன்தான். வேலை முடிந்ததும் பந்து இலவசம் என்பதால் ராத்திரி பத்து மணி வரை அடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். மாதம் ஒரு தடவை ஜொகூர் போய் முழு ஆட்டம் ஆடுகிறான். ஹேண்டிகேப் 9 ஆகிவிட்டதாம், அந்த எண் குறையக் குறைய நல்ல ஆட்டக்காரனாம். "நான் புரோ ஆகப் போகிறேன்", அதாவது கோல்ஃபையே தொழிலாக ஆடப் போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

அப்பா முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவர். "பணக்காரன் பொழுதுபோக்கில் போய் எவனாவது சோறு தேடுவானா? நமக்கும் கோல்ஃபுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசையை விட்டு யாராவது ஒருவர் எழுந்து போகும்வரை ஓயாது. அம்மா ரசத்தைச் சூடு பண்ணுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விடுவார்.

உள்ளே வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். புரோ ஆவதைத் தவிர இதில் என்னென்ன வேலை இருக்கிறது? அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

சனிக்கிழமை வாத்தியார்:

வாணி, நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன், 23 வயதில் ஹேண்டிகேப் 9 என்பது நண்பர்களிடம் பெருமை பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான். போட்டிகளில் ஆடிச் சம்பாதிக்கிற புரோக்கள் நம் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மர்தான் மாமட் 2006ல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். ஷேனன் டான் 2024ல் கென்யாவில் பட்டம் வென்று, அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். இவர்களெல்லாம் சின்னப் பிள்ளையிலிருந்தே மட்டை பிடித்தவர்கள்.

சொல்லிக் கொடுக்கும் புரோ ஆவதற்கும் ஆட்டத் திறன் தேர்வு உண்டு. தேறிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் மணிக்கணக்குச் சம்பளம். டிசம்பர் மழையில் ஒருத்தரும் பாடத்துக்கு வரமாட்டார்கள். எனக்குச் சோறு போடுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சனி, ஞாயிறு வகுப்புகள்தான். பொறுமை இருந்தால் வரட்டும். அடிப்பதில் மட்டும்தான் ஆசை என்றால் வேண்டாம்.

பழைய புல்காரன்:

வாணி தங்கச்சி, முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு பதில். இந்த ஊரில் கோல்ஃப் தொடங்கியதே நம்ம தேக்காவுக்குப் பக்கத்தில்தான். 1891ல், ஃபேரர் பார்க் இருக்கிற இடத்தில் அப்போது குதிரைப் பந்தய மைதானம். அதற்குள் ஒன்பது குழி வெட்டி வெள்ளைக்காரர்கள் ஆடினார்கள். அந்தப் புல்லை யார் வெட்டியிருப்பார்கள் என்று அவரையே கேளுங்கள். என் அப்பா ஒரு கிளப்பில் புல் வெட்டியவர். நான் 1998ல் அதே வேலைக்குப் போனேன், இன்னும் புல்லில்தான் நிற்கிறேன். சம்பந்தம் இல்லாமல் என்ன?

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது 'மெக்கானிக்கல்' என்ற சொல்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

தம்பி ஆட்டக்காரர்கள் வருகிற வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் ஒரு வாசல் இருக்கிறது, அதற்குப் பேர் பட்டறை. காலை ஐந்து மணிக்கு அங்கே விளக்கு எரியும். ஏழு மணிக்கு முதல் கூட்டம் ஆட வருவதற்குள், குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் கிரீன் பதினெட்டையும் வெட்டி முடிக்க வேண்டும், பங்கர் என்கிற மணல் பள்ளங்களை வாரிச் சமப்படுத்த வேண்டும், குழிகளை இடம் மாற்ற வேண்டும். குழி தினமும் இடம் மாறும் என்பதே ஆடுகிற பலருக்குத் தெரியாது. உருளை வடிவக் கருவியால் புது இடத்தில் 108 மில்லிமீட்டர் அகலத்துக்கு மண்ணோடு புல்லைத் தூக்கி, அந்தக் கட்டியைப் பழைய குழியில் அடைக்க வேண்டும். ஒரு நூல் மேலே நின்றால் புல் வெட்டும் இயந்திரம் அதன் தலையைச் சீவிவிடும். ஒரு நூல் கீழே போனால் பந்து விலகி ஓடும், அப்புறம் உறுப்பினர் முகத்தில் முழிக்க முடியாது. நான் கையால் தடவிப் பார்த்துத்தான் எழுந்திருப்பேன், இன்றைக்கும்.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். கிரீனில் புல்லின் உயரம் 3 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு வெள்ளி நாணயத்தைப் படுக்க வைத்தால் இருக்கிற தடிமனைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. வீட்டுத் தோட்டத்தில் சுழன்று வெட்டுகிற கத்தி இதற்கு ஆகாது, புல்லைப் பிய்த்து எறிந்துவிடும். இங்கே ரீல் என்கிற உருளையில் முறுக்கிய கத்திகள் சுற்றும், அடியில் பெட்நைஃப் என்று ஒரு நிலைக்கத்தி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் புல் கத்தரிக்கோலில் சிக்கிய மாதிரி அறுபடும். அந்த இடைவெளியைச் சரி பார்க்க எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. பழைய தமிழ் முரசு தாளை நீளமாகக் கிழித்து ரீலுக்குள் நீட்டி, கையால் மெதுவாகச் சுற்றுவோம். ஓரத்திலிருந்து ஓரம் வரை தாள் சுத்தமாக அறுபட வேண்டும். எங்கேயாவது மடங்கினால் திரும்பவும் ஸ்பேனரை எடுக்க வேண்டியதுதான். சத்தத்தை வைத்தே சொல்கிற கிழவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். தாளை நீட்டுவதற்கு முன்பே "இடது பக்கம் கடிக்குது" என்பார்.

இந்த வேலை தெரிந்த மெக்கானிக் எந்த மைதானத்திலும் அருமை. கார் மெக்கானிக் வருவார், ஒரு மாதத்தில் போய்விடுவார், நூலளவு கணக்கு அவருக்கு ஒத்துவராது. டிப்ளோமா படித்த பையன், கோல்ஃப் பித்து வேறு, அதிகாலையில் எழும்பத் தயார் என்றால் மேலாளர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

மெக்கானிக் என்ன பெரிய ஆளா என்று அப்பா கேட்பார். கேட்டால் இதைச் சொல்லுங்கள். நான் சேர்ந்து இரண்டாம் வருஷம். ரீல் இயந்திரத்தில் உட்கார்ந்து கிரீன் வெட்டிக்கொண்டு போகிறேன், ஹைட்ராலிக் குழாயில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. இருட்டு, பனி ஈரம், எண்ணெய் ஒழுகுவது தெரியவில்லை. தெரிந்து நிறுத்துவதற்குள் மூன்று கிரீன் முடிந்துவிட்டது. எண்ணெய் கொதிக்கிற சூட்டில் விழும், பட்ட இடம் வெந்துபோகும். அன்றைக்குப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மறுநாள் காலையில் பார்த்தால், அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி பழுப்பு வரி, கிரீனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. சோப்புத் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. குழி வெட்டுகிற அதே கருவியால் ஒவ்வொரு கட்டியாக எடுத்து நல்ல புல்லை வைத்து ஒட்டினேன், மூன்று கிரீனுக்கு நான்கு நாள். குழாயைத் தினமும் தடவிப் பார்க்காதது என் தப்பு. அதற்குப் பிறகு அந்தப் பட்டறை மெக்கானிக்கிடம்தான் வேலை கற்றுக்கொண்டேன்.

மேலே போகும் வழியும் உண்டு. புல் வெட்டுகிறவர், மருந்து தெளிக்கிறவர், மேற்பார்வையாளர், துணை சூப்பரின்டென்டென்ட், சூப்பரின்டென்டென்ட் என்று ஏறும். கடைசி இரண்டு படிக்கும் புல்லைப் பற்றிய படிப்பு வேண்டும். அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை இணையம் வழியாகவே நடத்துகிறது. இங்கே வெயிலும் மழையும் மாறி மாறி அடிப்பதால் பூஞ்சை ஒரே ராத்திரியில் கிரீனைத் தின்றுவிடும். மாலையில் பார்த்த புல் வேறு, காலையில் பார்க்கிற புல் வேறு. அதைப் படித்தவன் தேவைப்படுகிறான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கோல்ஃப் நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016லும் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018லும் கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு மூடின. ரயில் திட்டம் 2021 புத்தாண்டு அன்று ரத்தானது, புல் திரும்பி வரவில்லை. கெப்பல் கிளப்பின் பழைய இடத்துக்குக் குத்தகை 2021 கடைசியில் முடிந்தது, அங்கே வீடு வருகிறது. மரினா பே பொது மைதானம் 2024 ஜூனோடு சரி. நான் வேலை பார்த்த ஒரு கிளப்பும் இப்படிப் போனதுதான், பேர் வேண்டாம். வீடு கட்ட இடம் வேண்டும் என்பது நியாயம். என் மகளும் அரசாங்கம் கட்டிக் கொடுக்கிற பிடிஓ வீட்டுக்குக் காத்திருக்கிறாள், நான் என்ன சொல்ல முடியும்?

அதனால் தம்பியிடம் நான் சொல்வது, எந்த கிளப்பில் வேலை என்று பார்க்காதே, எதைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று பார். எங்கள் கிளப் மூடியபோது உறுப்பினர் சேவை மேசையில் இருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். பட்டறை மெக்கானிக்கை மூடுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஜொகூர்க்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். என்னோடு மருந்து தெளித்தவர் வியட்நாமில் இருக்கிறார். இன்னொருவர் துபாயில். அங்கே 1988ல்தான் எமிரேட்ஸ் கிளப்பில் மணல்மேல் முதல் புல் மைதானம் போட்டார்கள், இன்றைக்குப் பாலைவனத்தில் புல் காக்க ஆள் தேடுகிறார்கள்.

மட்டை வைத்தியர்:

புல்காரன் அண்ணே, எல்லோரையும் வெயிலுக்கே இழுக்காதீர்கள்! ஏசி அறையிலும் வேலை இருக்கிறது.

நான் கடையில் மட்டை அளவெடுத்துக் கொடுக்கிறவள். தையல்காரர் மாதிரி என்று வையுங்கள். வாடிக்கையாளர் பலகைமேல் நின்று அடிப்பார், மட்டையின் அடியில் ஒட்டிய டேப்பில் தேய்ந்த தடத்தைப் பார்த்து லை ஆங்கிளை, அதாவது மட்டையின் தலைக்கும் தண்டுக்கும் உள்ள கோணத்தை, வளைத்துச் சரி செய்து கொடுப்பேன். தடம் குதிகால் பக்கம் இருந்தால் ஒரு மாதிரி, முனைப் பக்கம் இருந்தால் வேறு மாதிரி. ஷாஃப்ட் என்கிற தண்டை மாற்றுவது, எப்பாக்ஸி பசை போட்டு ஒட்டுவது, பிடி மாற்றுவது எல்லாம் கைவேலை. மெக்கானிக்கல் படித்த பையனுக்கு இது சீக்கிரம் வரும். என் கஷ்டம் என்னவென்றால், பாதிப் பேருக்கு மட்டையில் குறையில்லை, அடிப்பதில்தான் குறை. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

இன்னொன்று. தம்பிக்கு ஆட்டம்தான் உயிர் என்றால் விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள். கோல்ஃப் விதிகளை வகுக்கிற ஆர் அண்ட் ஏ அமைப்பின் முதல் நிலைப் பாடம் இணையத்தில் இருக்கிறது. மேலே போனால் போட்டி நடுவராகலாம். வருஷா வருஷம் செந்தோசாவில் எச்எஸ்பிசி மகளிர் போட்டிக்குத் தொண்டூழியர் எடுப்பார்கள். 'சத்தம் போடாதீர்கள்' பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றால்கூட யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று நான்கு நாளில் தெரிந்துவிடும். நான் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

யீஷூன் வாணி:

அண்ணே, அக்கா, வாத்தியார், எல்லோருக்கும் நன்றி. புல்காரன் அண்ணன் எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஃபேரர் பார்க் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் ஒழுகிய கதைக்கு மட்டும், "குழாய் பழசானால் மாத்தணும், தடவிக்கிட்டு இருக்கக்கூடாது, அந்த ஆளுகிட்ட சொல்லு" என்றார். மூன்று வாரத்தில் அவர் கோல்ஃப் பற்றித் திட்டாமல் பேசியது இதுதான் முதல் தடவை.

தம்பிக்குத்தான் முகம் வாடிவிட்டது. 'பட்டறையா?' என்கிறான். ஆனால் ரீல் எப்படி அறுக்கிறது என்று ராத்திரி ஒரு மணி வரை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான், கதவு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அண்ணே, அவன் ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா?

பழைய புல்காரன்:

அப்பா சொல்வது சரி. இப்போது கணக்கு வைத்து மாற்றுகிறோம் என்று சொல்லுங்கள்.

தம்பி தாராளமாக வரட்டும், மேலாளரிடம் நான் கேட்டு வைக்கிறேன். ஐந்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு எம்ஆர்டி ஓடாது, டாக்ஸிக்குக் காசு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முந்தின நாள் பத்து மணி வரை பந்து அடிக்க வேண்டாம். கோல்ஃப் காலணி போட்டுக்கொண்டு வந்து நிற்கப் போகிறான், பட்டறைத் தரையெல்லாம் எண்ணெய், பழைய பூட்ஸ் போதும். தேசிய சேவையில் போட்டது இருக்குமே.

முரசு தாள் நான் கொண்டுவருகிறேன்.