குமரி மாவட்ட மலையோரத்தில் இரண்டு இரவுகள்: எங்கே தங்குவது, எதை விடுவது?

கேள்வி: மதுரை வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி மாத இறுதியில், பிள்ளைகளை என் மாமியாரிடம் விட்டுவிட்டு, நானும் என் கணவரும் இரண்டு இரவுகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தங்க எண்ணியிருக்கிறோம். முக்கடல் சங்கமத்தையும் விவேகானந்தர் பாறையையும் முன்பே இரண்டு முறை பார்த்துவிட்டதால், இம்முறை மலைப்பக்கம் மட்டும் போதும் என்பது எங்கள் முடிவு. எனக்கு நடையும் ஏற்றமும் வேண்டும். அவருக்கு நல்ல சாப்பாடு வேண்டும். முதல் நாள் பேச்சிப்பாறையிலிருந்து காரில் மேல் கோதையாறு அணை வரை ஏறி, அங்கே மலை மேலுள்ள முத்துக்குழிவயலைப் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்கலாம் என்று நினைக்கிறோம். அறையைக் கன்னியாகுமரியில் எடுப்பதா, நாகர்கோவிலில் எடுப்பதா என்பதில்தான் குழப்பம். இந்த ஊர்க்காரர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: குலசேகரத்துக்காரன்

சகோதரி, முதலில் உங்கள் முதல் நாள் திட்டத்தை அடித்துவிடுங்கள். பேச்சிப்பாறையிலிருந்து செல்லும் சாலை கீழ் கோதையாறு மின் நிலையத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து மேல் அணைக்கு ஏறும் விஞ்ச் (கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டி) மின்வாரிய ஊழியர்களுக்கானதே தவிர, நம்மைப் போன்றவர்களுக்கானதன்று. மேல் கோதையாற்றுக்குக் காரில் போக வேண்டுமானால் மாவட்டத்தை விட்டே வெளியேறி, திருநெல்வேலி மாவட்டத்தில் மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகச் சுற்றி வர வேண்டும்; அந்தப் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்திற்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதியும் தேவை. வரைபடத்தில் கீழணையும் மேலணையும் விரல் இடைவெளியில் தெரிவதால் ஏமாறுகிறவர்கள் பலர். என் சொந்தத் தம்பியே ஒருமுறை நண்பர்களோடு வந்து, மின் நிலையத்து வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

அறையைக் கன்னியாகுமரியில் எடுக்காதீர்கள். மலைக்கு வந்துவிட்டு ஒவ்வொரு நாளும் கடற்கரைக்குத் திரும்பினால் விடியற்காலையை இழந்துவிடுவீர்கள். மலையோரத்தில் பார்க்கத்தக்கது அந்த விடியற்காலைதான். குலசேகரம் அல்லது திற்பரப்புப் பக்கம் தங்குங்கள். இருட்டு விலகும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்ட இறங்குகிறவர்களை ரப்பர் தோட்டங்களில் காணலாம். ஆனால் ஜனவரி இறுதியில் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் என்பதால், படங்களில் பார்க்கும் பச்சைக் கூரையை எதிர்பார்க்க வேண்டாம். அதன் பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும். தளிரிலைக் காம்பில் ஊறும் தேனுக்காக மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைத் தோட்டங்களில் கொண்டுவந்து வைப்பார்கள்.

திற்பரப்பு அருவிக்குக் காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். அருவிக்கு மேலே தடுப்பணையில் படகு விடுகிறார்கள். குளிக்கும் கூட்டத்தை விட்டு விலகி ஒரு மணி நேரம் இருவரும் ஆற்றில் இருக்கலாம். மாலையில் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் கட்டி முடித்த பாலம், 28 தூண்கள், 115 அடி உயரம். மேலே ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் நடைபாதை. உயரம் ஒத்துக்கொள்ளாதவர் உங்களில் யாரேனும் இருந்தால், கீழே பரளியாற்றங்கரையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதே போதும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

மறுமொழி 2: நாஞ்சில் அடுக்களை

சாப்பாட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மலைவாசத்தலங்களில் சைனீஸும் வட இந்திய உணவும் தேடி அலைவதைப் போல் இங்கே செய்துவிடாதீர்கள். மலையடிவாரத்து இலையிலேயே அன்று காலை கரை சேர்ந்த கடல்மீன் கிடைப்பது இந்த மாவட்டத்தின் தனிப் பாக்கியம். குளச்சலிலிருந்து குலசேகரத்திற்கு மீன் வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. அவித்த மரச்சீனிக்கிழங்கோடு (உங்கள் ஊர் மரவள்ளி) சாளை மீன் (மத்தி) குழம்பு கேளுங்கள். தேங்காய் அரைத்து, புளி கரைத்து வைத்த குழம்பாக இருக்க வேண்டும். ஜனவரியில் வருவது நல்லது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் தடை இருப்பதால், மலை மிகப் பசுமையாக இருக்கும் அந்த நாட்களில் பெரிய மீனுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும்.

மீன் சாப்பிடாதவராக இருந்தால், சின்ன வெங்காயத்தில் வைக்கும் உள்ளித் தீயல் என்ற குழம்பைக் கேளுங்கள். தேங்காயைக் கருகும் முந்தைய நொடி வரை வறுத்து அரைக்கும் பக்குவத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. நிறம் வெளுத்திருந்தால் அந்தக் கடைக்கு இரண்டாம் முறை போக வேண்டாம். அத்துடன் சம்பா அரிசிச் சோறும் புளிச்சேரியும் (தேங்காய் அரைத்த மோர்க்குழம்பு) கிடைத்தால் உங்கள் கணவர் மதுரையை மறந்துவிடுவார். வழியில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. விரல் நீளந்தான் இருக்கும், எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டுவதும் அதைத்தான். மாறாமலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் விளையும் கிராம்புக்கும் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பைக்குள் போட்டால் வீடு சேரும் வரை துணியெல்லாம் மணக்கும்.

மறுமொழி 3: பொற்றையடி

குலசேகரத்து நண்பர் அருவியும் பாலமும் சொன்னாரே தவிர, ஏற்றம் கேட்ட அக்காவுக்கு ஏற்றத்தைச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மருத்துவாழ்மலை ஏறுங்கள். அனுமார் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஐதிகம். ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையும் வழியில் இருக்கிறது. தொடக்கத்தில் படிகள் இருந்தாலும், மேலே போகப் போகப் பாறையும் கல்லுமான பாதைதான். செருப்பில் ஏறாமல் பிடிப்புள்ள காலணி அணிந்து, தண்ணீரைக் கீழிருந்தே கொண்டு செல்லுங்கள். உச்சியிலிருந்து ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலும் குளமும் தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு ஏறத் தொடங்கினால் பாறைச்சூடு ஆளை வாட்டிவிடும். அங்கே குரங்குகள் அதிகம் என்பதால், அந்த மட்டிப்பழச் சீப்பு மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: மதுரை வாசகி

மூவருக்கும் நன்றி. மேல் கோதையாற்றை விட்டுவிட்டோம். குலசேகரத்தில் தங்கி, மருத்துவாழ்மலையைத் திரும்பும் நாளின் காலைக்கு வைத்துக்கொள்கிறோம். அது நாகர்கோவிலைத் தாண்டி இருப்பதால், ஏறி இறங்கிய கையோடு ஊருக்குப் புறப்பட வசதியாக இருக்கும். நடுவில் உள்ள முழு நாளில் காடும் ஓடையுமாக எங்கேனும் நடக்க முடியுமா? காளிகேசம் என்று ஒரு பெயரைக் கேள்விப்பட்டோம்.

மறுமொழி 4: குலசேகரத்துக்காரன்

பொற்றையடி நண்பர் சொன்னது நியாயந்தான். மருத்துவாழ்மலை எங்கள் பக்கத்து மலையன்று என்பதால் விட்டுவிட்டேன். காளிகேசத்திற்குத் தாராளமாகப் போகலாம். தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழியாகப் போக வேண்டும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் கட்டணம் செலுத்திவிட்டுப் பகல் நேரத்தில் மட்டுமே உள்ளே இருக்க முடியும். பாறைகளுக்கிடையே ஓடும் ஆறும் காளி கோயிலும் உண்டு. முதல் நாள் மலையில் மழை பெய்திருந்தால் சாவடி வரை போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்; கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் இறங்கும் இடம் அது. ஈரமான சருகில் அட்டை ஏறும் என்பதால், காலுறைக்கு மேல் உப்பைத் தடவிக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம் உள்ள காடு. சாவடியில் இருப்பவர் இன்று வேண்டாம் என்று சொன்னால், வாதாடாமல் வண்டியைத் திருப்பிப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுங்கள். திங்கட்கிழமையாக இருந்தால் அரண்மனையும் பூட்டியிருக்கும். அன்றைக்குச் சமணர் சிற்பங்கள் உள்ள சிதறால் மலைக் கோயில்தான்.