பவுன்ஸ் மெயிலோட (மெயில் போய் சேரலன்னு திரும்பி வர்ற அறிவிப்பு) நீங்க பட்ட பாடு என்ன? என் அனுபவம் இது

ஒரு நாள் காலைல வந்து மெயில்க்யூ (அனுப்பக் காத்திருக்குற மெயில் வரிசைய காட்டுற கமாண்ட்) அடிச்சா திரை ஓடிக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது, எந்த வரிய பாத்தாலும் அனுப்புனர் மெயிலர் டீமன் (பவுன்ஸ சர்வர் தானா அனுப்பும்போது போடுற பேர்), போற முகவரி எல்லாம் நாங்க கேள்வியே படாதது. யாரோ பாஸ்வேர்ட திருடி ஸ்பேம் அனுப்புறாங்கன்னு நெனச்சு எல்லாரையும் பாஸ்வேர்ட் மாத்த வெச்சேன், அரை நாள் போச்சு, க்யூ ஒண்ணும் கொறையல. அப்புறம்தான் ஒரு பவுன்ஸ பிரிச்சு படிச்சேன். 550 5.1.1, அப்படி ஒரு ஆளே இங்க இல்லன்னு இருக்கு. சொன்னது எங்க மெயின் சர்வரேதான்!

விஷயம் என்னன்னா, மெயின் சர்வர் கிடைக்காதப்போ மெயில வாங்கி வெக்கிற எங்க பேக்கப் சர்வர்ல யூசர் லிஸ்ட் கிடையாது. முகவரில @க்கு அப்புறம் வர்ற டொமைன் சரியா இருந்தா போதும், @க்கு முன்னாடி என்ன பேர் போட்டு வந்தாலும் வாங்கி வெச்சுக்கும். அத மெயின் சர்வர்கிட்ட குடுக்கும்போது அது வேண்டாம்னு சொல்லிடும், வாங்கின பாவத்துக்கு பேக்கப்தான் பவுன்ஸ் எழுதி அனுப்பணும். ஸ்பேம்ல அனுப்புனர் முகவரியே பொய், அதனால சம்பந்தமே இல்லாத யாரோ ஒருத்தர் இன்பாக்ஸ்ல போய் விழுது. இதுக்குப் பேர்தான் பேக்ஸ்கேட்டர். எங்க சர்வரோட ஐபி முகவரி ஸ்பேம் அனுப்புறவங்க பட்டியலான பிளாக்லிஸ்ட்ல ஏறினதும் இதாலதான்.

பேக்கப்ல ஓடுற மெயில் சர்வர் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ்ல, ரிலே ரெசிபியன்ட் மேப்ஸ்ங்கற செட்டிங்ல நெஜமான முகவரிங்கள குடுத்தேன். இப்ப இல்லாத பேருக்கு வந்தா வாசல்லயே 550 சொல்லி அனுப்பிடுது, பவுன்ஸ் எழுதுற வேலையே நமக்கு இல்ல. ஆனா அவசரத்துல க்யூவ மொத்தமா அழிச்சேன் பாருங்க, அதுதான் தப்பு, நம்ம ஆளுங்களோட உண்மையான மெயிலும் அதுல போச்சு. தயவுசெஞ்சு மெயிலர் டீமன் வரிய மட்டும் பிரிச்சு எடுத்து அழிங்க.

---

எங்க கதை அப்படியே தலைகீழ் அண்ணா. ஸ்பேம் தொல்ல தாங்காம அனுப்புனர் காலியா வர்ற மெயில் எல்லாத்தையும் எனக்கு முன்னாடி இருந்தவர் பிளாக் பண்ணி வெச்சிருந்தார். பவுன்ஸ் வர்றதே காலி அனுப்புனரோடதான், பவுன்ஸுக்கு பவுன்ஸ்னு சுத்திக்கிட்டே இருக்கக்கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்காங்க. அக்கவுண்ட்ஸ் அக்கா ஒரு எழுத்து மாத்தி டைப் பண்ணி முக்கியமான மெயில் அனுப்பிட்டு ரெண்டு வாரம் பதிலுக்கு காத்திருந்தாங்க. திரும்பி வந்த பவுன்ஸ நாங்களே தடுத்திருக்கோம். அவங்க முகத்த பாக்க முடியல எனக்கு.

---

இன்னொண்ணு சேத்துக்கோங்க. சர்வர் சொல்ற பிழை எண் 4ல ஆரம்பிச்சா தற்காலிகம், சர்வர் திரும்ப திரும்ப முயற்சி பண்ணும், 5ல ஆரம்பிச்சாதான் முடிஞ்சது. போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வெச்சிருந்துட்டுதான் கைவிடும், அதுவரைக்கும் அனுப்பினவருக்கு ஒண்ணுமே தெரியாது, ஏன்னா தாமத அறிவிப்பு தானா ஆன்ல இருக்காது. அத ஆன் பண்ற செட்டிங் டிலே வார்னிங் டைம், அத நான் 4 மணி நேரமா வெச்சேன். ஆனா அந்த அறிவிப்ப பாத்ததும் மெயில் போகலன்னு நெனச்சு சிலர் மறுபடி மறுபடி அனுப்பினாங்க, அந்தப் பக்கம் சரியானதும் ஒரே மெயில் மூணு தடவ போய் சேந்துச்சு. அதனால அறிவிப்போட முதல் வரியிலயே "இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறோம், மறுபடி அனுப்ப வேண்டாம்"னு தமிழ்ல போட்டுட்டேன்.